எந்த மீட்டர் சொல்வது நிஜம்?

ஒரே சைக்கிள், ஒரே ஆள், ஒரே சாலை. பெடலில் மாட்டியிருக்கும் கருவி 210 வாட் என்கிறது. பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் கருவி 202 வாட் என்கிறது. இரண்டையும் விற்ற நிறுவனங்களும் தங்கள் கருவிதான் துல்லியம் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கின்றன. அப்படியானால் பொய் சொல்வது யார்?

வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே பொய் சொல்லாமல் இருக்கலாம். சைக்கிள் பவர் மீட்டர் பற்றிய குழப்பம் முழுவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவி வாங்கும் டிரையத்லான் வீரர்கள் பலர் இதைப் பந்தயத்தன்று, அதுவும் ஓட்டத்தின் நடுவில் கால் நின்றுபோகும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். அது தாமதமான பாடம்.

வாட் கணக்கு எதற்கு?

தெரியாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. அதில் பெரிய அண்ணன் அயர்ன்மேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு 42.2 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டம்! 1978ல் ஹவாயின் ஓவாஹு தீவில் தொடங்கிய இந்தப் போட்டி 1981ல் கோனாவுக்கு இடம் மாறியது. கோனாவின் வெயிலும் காற்றும் எரிமலைப் பாறை வெளியும் இந்த விளையாட்டின் அடையாளமாகிவிட்டன.

அயர்ன்மேனில் இன்னொரு வீரரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்க்கக் கூடாது. குறிப்பிட்ட இடைவெளி விட வேண்டும், மீறினால் தண்டனை நேரம் உண்டு. ஆகவே 180 கிலோமீட்டரையும் ஒவ்வொருவரும் தனியாகவே காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். எவ்வளவு அழுத்தி மிதிப்பது என்று முடிவு செய்ய ஏதாவது ஒரு அளவு வேண்டும். வேகத்தை நம்ப முடியாது; எதிர்க்காற்று அடித்தால் அதே உழைப்புக்கு வேகம் பாதியாகும். இதயத்துடிப்பையும் முழுதாக நம்ப முடியாது. அது உழைப்புக்குச் சற்றுப் பின்தங்கி வரும், வெயிலிலும் நீர்ச்சத்துக் குறைவிலும் தானாக ஏறும். வாட் மட்டும்தான் இந்த நொடியில் கால் செய்த வேலையை இந்த நொடியிலேயே சொல்கிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ஷோபரர் 1986ல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம்தான் இதற்குப் பாதை போட்டது. முதலில் உச்சநிலை வீரர்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டுமே கட்டுப்படியான பொருளாக இருந்தது. பிறகு பின்சக்கர ஹப்பில் அளக்கும் பவர்டேப், கிராங்க்கில் அளக்கும் குவார்க், இடது கிராங்க்கில் மட்டும் அளக்கும் ஸ்டேஜஸ், பெடலிலேயே அளக்கும் கார்மின் வெக்டர், ஃபேவரோ அசியோமா என்று வரிசையாக வந்தன. போட்டி கூடியது, விலை இறங்கியது, சாதாரண வீரரின் கைப்பிடியிலும் வாட் கணக்கு வந்துவிட்டது. கூடவே "உன் மீட்டர் என்ன காட்டுது, என் மீட்டர் என்ன காட்டுது" என்ற சண்டையும் வந்துவிட்டது.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

திறன் என்பது திருப்பு விசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கும் ஒருவர் 200 வாட் கொடுக்க வேண்டுமானால் சராசரியாகச் சுமார் 21 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தர வேண்டும். இந்த விசையில் உலோகம் கண்ணுக்கே தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய மின்தடை ஒட்டுத்துண்டு உணர்கிறது. ஆக, பவர் மீட்டர் என்பது அடிப்படையில் ஒரு தராசு. வெயிலிலும் மழையிலும் நடுக்கத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும் தராசு. அது கொஞ்சம் தடுமாறினால் ஆச்சரியம் இல்லை.

முதல் காரணம், அளக்கும் இடம். பெடலில் கொடுத்த சக்தி முழுவதும் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேராது. செயின், பல்சக்கரம், பேரிங் எல்லாம் வழியில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். நல்ல நிலையில் இருக்கும் சைக்கிளிலேயே இது 2 முதல் 4 சதவீதம் வரும். செயினில் எண்ணெய் காய்ந்து மண் ஏறியிருந்தால் இன்னும் கூடும். அதனால் பெடலில் 210, ஹப்பில் 202 என்பது சண்டையே இல்லை. மொத்தச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் வேறாக இருப்பது போலத்தான்.

இரண்டாவது, ஒற்றைக்கால் கணக்கு. விலை குறைந்த மீட்டர்கள் பல, இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுகின்றன. இரண்டு காலும் சமமாக உழைத்தால் பரவாயில்லை. ஒருவரின் இடது கால் 48, வலது கால் 52 சதவீதம் உழைக்கிறது என்று வையுங்கள். உண்மையான 250 வாட்டில் இடது கால் 120 தருகிறது. இரண்டால் பெருக்கினால் 240. திரையில் 10 வாட் காணாமல் போய்விட்டது. கருவியில் பழுதில்லை, கணக்கு எழுதும் முறையிலேயே ஓட்டை.

மூன்றாவது, வெப்பநிலை. உலோகமும் ஸ்ட்ரெயின் கேஜும் சூட்டுக்கு ஏற்ப மாறும். நல்ல மீட்டர்கள் இதைத் தாமாகவே ஈடு செய்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே தரத்தில் செய்வதில்லை. டிரையத்லானில் இது மற்ற பந்தயங்களைவிடப் பெரிய தலைவலி. அயர்ன்மேனில் சைக்கிளை முந்தைய நாளே மாறுமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். இரவெல்லாம் பனியில் நின்ற சைக்கிளுக்கு விடியற்காலை பூச்சியம் சரிபார்த்துவிட்டு வீரர் நீந்தப் போகிறார். அவர் திரும்பி வந்து எடுக்கும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். நண்பகலில் தார்ச்சாலையின் சூட்டில் அந்தப் பழைய பூச்சியம் இன்னும் பூச்சியமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான்காவது, ஓவல் வடிவப் பல்சக்கரங்கள். ஒரு சுற்று முழுவதும் கால் ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும் மீட்டர்கள் உண்டு. வட்டமான பல்சக்கரத்தில் இது ஓரளவு சரி. ஓவலில் ஒரே சுற்றுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்கும், அதனால் வாட் கூடுதலாகக் காட்டும்.

ஐந்தாவதுதான் ரொம்பச் சின்னது, ரொம்ப அடிக்கடி நடப்பது. பெடல் மீட்டருக்கு கிராங்க்கின் நீளம் தெரியாது. வீரர்தான் தட்டச்சு செய்து சொல்ல வேண்டும். சாதாரண ரோடு சைக்கிளில் 172.5 மில்லிமீட்டர் கிராங்க். டிரையத்லான் சைக்கிளில் குனிந்து படுத்தபடி மிதிக்க வசதியாக 165 மில்லிமீட்டர் கிராங்க் போடுபவர்கள் பலர். பெடலைக் கழற்றி இதிலிருந்து அதில் மாட்டிவிட்டு நீளத்தை மாற்ற மறந்தால் போதும், திரை 4.5 சதவீதம் கூட்டிக் காட்டும். இதற்கு எந்த நிறுவனத்தையும் திட்ட முடியாது.

இவை போக, வீட்டுக்குள் மாட்டி மிதிக்கும் ஸ்மார்ட் டிரெய்னர் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கும். மிதிக்காமல் உருண்ட நேரத்தின் பூச்சியங்களைச் சராசரியில் சேர்ப்பதா வேண்டாமா என்பது கைப்பிடிக் கணினியில் ஒரு அமைப்பு. அதை மாற்றினாலே ஒரே பயணத்துக்கு இரண்டு சராசரிகள் வரும்!

நிலைச் செலவும் மாறும் செலவும்

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தப் பிழைகளைப் புரிந்துகொள்ள ஒரு சுலப வழி உண்டு. பூச்சியம் நகர்ந்துவிடுவது நிலைச் செலவு மாதிரி. மிதி வேகம் மாறாத வரை 100 வாட்டில் மிதித்தாலும் 300 வாட்டில் மிதித்தாலும் அதே தொகை கூடும் அல்லது குறையும். நிமிடத்துக்கு 90 சுற்றில் அரை நியூட்டன் மீட்டர் பூச்சியப் பிழை கிட்டத்தட்ட 5 வாட். சரிவுப் பிழை என்பது மாறும் செலவு. உற்பத்தி கூடக் கூட அதுவும் கூடும். 100 வாட்டில் 4 என்றால் 300 வாட்டில் 12.

பூச்சியம் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் முதல் பிழை மட்டும்தான் போகும். இரண்டாவது அப்படியே இருக்கும். "காலிபிரேட் பண்ணிட்டேன், இனி எல்லாம் கரெக்ட்" என்று பலர் நிம்மதி அடைவது பாதிக் கணக்கைத் தணிக்கை செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

சரிவுப் பிழையைக் கண்டுபிடிக்கவும் ஒரு பழைய வழி இருக்கிறது. கிராங்க்கைத் தரைக்குக் கிடையாக நிறுத்தி, பெடல் மாட்டும் இடத்தில் எடை தெரிந்த ஒரு பாரத்தைத் தொங்கவிட வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்க்கில் 20 கிலோ தொங்கினால் 33.35 நியூட்டன் மீட்டர் வந்தாக வேண்டும். வராவிட்டால் மீட்டரின் சரிவு தப்பு. எடைக்கல் வைத்துத் தராசைச் சோதிக்கும் அதே முறைதான், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

அட்டைப்பெட்டியும் அசல் நிலவரமும்

நிறுவனங்கள் சொல்லும் துல்லியம் பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 1 முதல் 2 சதவீதம். இதை அப்படியே நம்பினாலும்கூட, 2 சதவீதம் கூட்டிக் காட்டும் ஒன்றும் 2 சதவீதம் குறைத்துக் காட்டும் இன்னொன்றும் பக்கத்தில் வைத்தால் 4 சதவீத இடைவெளி வரும். 200 வாட்டில் அது 8 வாட். இரண்டுமே வாக்குறுதியைக் காப்பாற்றிய கருவிகள்தான்!

அசல் நிலவரம் எப்படி? 2017ல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு இதைச் சோதித்தது. 32 பேர் நிஜமாகவே பயன்படுத்திக்கொண்டிருந்த, 9 நிறுவனங்களின் 54 மீட்டர்களை எடுத்துக்கொண்டு, சாய்வான ஓடுபட்டையின் மேல் சைக்கிள் ஓட்ட வைத்து, இயற்பியல் கணக்குப்படி வர வேண்டிய வாட்டோடு ஒப்பிட்டார்கள். சராசரி விலகல் 1 சதவீதத்துக்கும் குறைவு. அடடா, நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் திட்டவிலக்கம் 3.2 சதவீதம். புள்ளியியல் தாள் எழுதியவர்களுக்கு இதன் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. சந்தையில் உள்ள மீட்டர்களின் சராசரி நல்லது என்பதால் ஒருவர் வாங்கிய ஒரு மீட்டர் நல்லது என்று ஆகிவிடாது. சராசரி ஆழம் மூன்றடி என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதைதான்.

ஐந்து சதவீதத்தின் விலை

"அஞ்சு பர்சென்ட்தானே, போகட்டும்" என்று சொல்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

ஒரு வீரர் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஸ்மார்ட் டிரெய்னரில் பயிற்சி செய்கிறார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச அளவு அவருக்கு 250 வாட் என்று அதில் தெரிகிறது. ஹன்டர் ஆலனும் ஆண்ட்ரூ காகனும் 2006ல் எழுதிய புத்தகம் பிரபலமாக்கிய அளவுகோல் இது. முழு அயர்ன்மேனில் சாதாரண வீரர்கள் இதில் 70 முதல் 75 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது. நம்மவர் 72 சதவீதம், அதாவது 180 வாட் என்று முடிவு செய்கிறார்.

பந்தய சைக்கிளில் இருப்பதோ வேறு மீட்டர். அது 5 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது, அவருக்குத் தெரியாது. திரையில் 180 வர வேண்டும் என்று அவர் மிதிக்கும்போது கால் நிஜமாகக் கொடுப்பது சுமார் 189 வாட். 72 சதவீதம் என்று நினைத்தது 76 சதவீதமாகிவிட்டது.

இதனால் அவருக்கு என்ன லாபம்? காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. 5 சதவீதம் கூடுதல் வாட்டுக்குச் சமதரையில் கிடைக்கும் கூடுதல் வேகம் 2 சதவீதம்கூட இல்லை. ஐந்து மணி நேர சைக்கிள் பயணத்தில் ஏறக்குறைய 5 நிமிடம் மிச்சம். நஷ்டம்? கால் தளர்ந்துபோய் மாரத்தானின் கடைசி 10 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு 6 நிமிட ஓட்டத்துக்குப் பதில் 9 நிமிட நடையில் கடந்தால் 30 நிமிடம். 5 நிமிடம் வாங்கி 30 நிமிடம் கொடுக்கும் வியாபாரத்தை எந்தப் புத்திசாலியும் தெரிந்து செய்ய மாட்டான். தெரியாமல் செய்ய வைப்பதுதான் மீட்டரின் வேலையாகிவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். மீட்டர் 5 சதவீதம் கூட்டிக் காட்டினால் நிஜ உழைப்பு 171 வாட். சைக்கிளில் 5 நிமிடம் போகும், ஆனால் கால் பத்திரமாக இருக்கும். ஆக, இரண்டு பக்கப் பிழையும் ஒன்றல்ல. குறைத்துக் காட்டும் மீட்டர்தான் ஆபத்தானது. ஆனால் விந்தை, கூட்டிக் காட்டும் மீட்டரைத்தான் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். குறைத்துக் காட்டுவதை "நேர்மையான மீட்டர்" என்று புகழ்வார்கள்!

"மாறாமல் இருந்தால் போதுமே!"

இந்த விவாதத்தில் எப்போதும் வரும் பதில் ஒன்று: மீட்டர் சரியாகக் காட்டத் தேவையில்லை, எப்போதும் ஒரே மாதிரி காட்டினால் போதும். கணக்குப்பதிவியலில் வரும் நிலைத்தன்மை மரபு மாதிரிதான். தேய்மானத்தை எந்த முறையில் போட்டாலும் சரி, வருடா வருடம் முறையை மாற்றாதே என்பார்களே, அது.

இந்த வாதத்தில் நிறைய நியாயம் உண்டு. ஒரே சைக்கிள், ஒரே மீட்டர், அதில்தான் சோதனை, அதில்தான் பயிற்சி, அதில்தான் பந்தயம் என்று வாழ்பவருக்கு 5 சதவீதப் பிழை எந்தக் கெடுதலும் செய்யாது. எல்லா எண்களும் ஒரே அளவு தப்பாக இருப்பதால் விகிதங்கள் சரியாக இருக்கும்.

ஆனால் டிரையத்லான் வீரர் அப்படி வாழ்வதில்லையே! வீட்டில் ஸ்மார்ட் டிரெய்னர், வார இறுதிக்கு ரோடு சைக்கிள், பந்தயத்துக்கு டிரையத்லான் சைக்கிள் என்று அவரிடம் இரண்டு மூன்று தராசுகள் இருக்கின்றன. ஒரு தராசில் வாங்கி இன்னொரு தராசில் விற்பவனுக்கு "ஒவ்வொன்றும் தனக்குள் மாறாமல் இருக்கிறது" என்பதால் என்ன ஆறுதல்?

அதைவிட முக்கியமானது, சில பிழைகள் நிலையாகவே இருப்பதில்லை. வெப்பநிலைப் பிழை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஒற்றைக்கால் மீட்டரில் இடது வலது பங்கு உழைப்பின் அளவைப் பொறுத்தும் களைப்பைப் பொறுத்தும் மாறலாம். புத்துணர்ச்சியோடு செய்த 20 நிமிடச் சோதனையில் கிடைத்த எண்ணை நான்காவது மணி நேரத்துக் களைத்த காலுக்குப் பொருத்துவது அங்கேதான் உடைகிறது. நிலைத்தன்மை மரபு நல்லதுதான். ஆனால் நிலைத்தன்மை இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே.

இன்னொரு கூட்டம் "இந்த வாட்டே வேண்டாம், உடம்பு சொல்வதைக் கேள்" என்கிறது. 1989ல் மார்க் ஆலனும் டேவ் ஸ்காட்டும் கோனாவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தோளோடு தோள் மோதி 58 வினாடி வித்தியாசத்தில் முடித்த பந்தயம், வாட் கணக்கு டிரையத்லானுக்குள் நுழையாத காலத்தில் நடந்தது. உண்மைதான். ஆனால் அவர்கள் இருவரும் பல ஆண்டுகள் அதே சாலையில் அடிபட்டுக் கற்றவர்கள். முதல் முறை 180 கிலோமீட்டர் போகிறவருக்கு முதல் ஒரு மணி நேரம் எல்லாமே சுலபமாகத்தான் தோன்றும். ஓய்வெடுத்த கால், கூட்டத்தின் ஆரவாரம், ஏறிய உற்சாகம். அந்த நேரத்தில் உடம்பும் ஒரு பொய்யான மீட்டர்தான். அதைவிடச் சுமாரான இயந்திர மீட்டரே மேல்.

வாட்டே தீர்ப்பாகும்போது

கோனாவில் வாட் தப்பாக இருந்தால் அந்த வீரருக்கு மட்டும் நஷ்டம். முடிவை எழுதுவது நேரம்தான். ஆனால் வாட்டே தீர்ப்பாகும் இடங்களும் வந்துவிட்டன.

2015 டூர் டி பிரான்ஸ் நினைவிருக்கலாம். அது டிரையத்லான் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான். பியேர் சாங் மார்த்தாங் மலையேற்றத்தில் கிறிஸ் ஃப்ரூம் எல்லோரையும் விட்டுவிட்டுப் போனார், உடனே ஊக்கமருந்துச் சந்தேகம் கிளம்பியது. ஸ்கை அணி எண்களை வெளியிட்டது. மீட்டர் காட்டிய சராசரி 414 வாட், எடை 67.5 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 6.1க்கு மேல் வருகிறது. ஆனால் அவர் பயன்படுத்தும் ஓவல் பல்சக்கரம் சுமார் 6 சதவீதம் கூட்டிக் காட்டும், அதைக் கழித்தால் 5.78தான் என்றது அணி. நம்பியவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு. ஒரு மனிதரின் நாணயம் 6 சதவீத மீட்டர் திருத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

2020ல் கோவிட் வந்து பந்தயங்கள் நின்றபோது அயர்ன்மேன் நிறுவனமே மெய்நிகர் போட்டிகள் நடத்தியது. அதே ஆண்டில் சர்வதேச சைக்கிள் சங்கம் முதல் மெய்நிகர் உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது. சூப்பர் லீக் டிரையத்லானின் அரீனா விளையாட்டுகளில் வீரர்கள் நிஜக் குளத்தில் நீந்திவிட்டு, நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்து, திரையில் ஓடும் பொம்மையை நகர்த்தினார்கள். இங்கே சாலை இல்லை, காற்று இல்லை. வாட்தான் வேகம். 3 சதவீதம் கூட்டிக் காட்டும் கருவி 3 சதவீதம் பலமான காலுக்குச் சமம். அதனால்தான் மெய்நிகர் பந்தயங்களின் மேல்மட்டத்தில் இரண்டு வெவ்வேறு மீட்டர்களின் பதிவை ஒப்பிடக் கேட்கிறார்கள். ஒரு சாட்சி போதாது, இரண்டாவது சாட்சி வேண்டும் என்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் இரண்டு சாட்சிகளுமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்?

முத்திரை எங்கே?

தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசுக்குக்கூட இந்தியாவில் அரசு முத்திரை வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். கத்தரிக்காய் விஷயத்தில் இவ்வளவு கறார். பவர் மீட்டருக்கோ அட்டைப்பெட்டியில் "1 சதவீதம்" என்று போட்டால் போதும். எந்த வெப்பநிலையில் 1 சதவீதம்? எந்த மிதி வேகத்தில்? 100 வாட்டிலா, 400 வாட்டிலா? புதிதாக வந்த அன்றா, இரண்டு ஆண்டு கழித்தா? பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

அரசு வந்து சைக்கிள் பெடலுக்கு முத்திரை குத்த வேண்டும் என்பதல்ல கோரிக்கை. இரண்டு விஷயம் போதும். ஒன்று, துல்லியம் என்று ஒரு எண் போட்டால் அது எந்த நிலைமைகளில் அளந்தது என்றும் சேர்த்து எழுத வேண்டும். இடது காலை மட்டும் அளக்கும் கருவி என்றால், அந்தத் துல்லியம் இடது காலுக்கு மட்டுமே என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். இரண்டு, வாங்கியவரே எடை தொங்கவிட்டுச் சோதிக்கவும், தப்பாக இருந்தால் சரிவைத் திருத்தவும் வழி வைக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதை ஏற்கெனவே தருகின்றன. அவர்களால் முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும்.

அதுவரை என்ன செய்யலாம்?

காசு அதிகம் செலவழிக்காமலே செய்யக்கூடியவை இவை.

பந்தயத்தில் எந்த மீட்டரோ, உச்ச அளவுச் சோதனையையும் அதிலேயே செய்ய வேண்டும். அதுவும் பந்தயத்தில் குனிந்திருக்கும் அதே நிலையில். நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த மதிப்பெண் குனிந்தபோது செல்லாது.

இரண்டு மீட்டர் இருந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துப் பதிவு செய்து பார்க்க வேண்டும். ஒரு நாள் போதாது. லேசான நாள், கடினமான நாள், வெயில் நாள் என்று நாலைந்து முறை. வித்தியாசம் எப்போதும் 4 சதவீதம் என்றால் கவலை இல்லை, அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் 1, மறுநாள் 6 என்றால் ஏதோ ஒன்று பழுது.

பெடலை இடம் மாற்றினால் கிராங்க் நீளத்தைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பூச்சியம் பார்க்க வேண்டும். பந்தய வாரத்தில் புது மீட்டர் மாட்டவே கூடாது. கல்யாணத்தன்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கடிபட்டவர்களுக்கு இது தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, பந்தயத்தில் ஒற்றை எண்ணைத் துரத்தாமல் ஒரு வீச்சு வைத்துக்கொள்ள வேண்டும். 180 அல்ல, 170 முதல் 180. மீட்டரின் பிழையே 4, 5 வாட் இருக்கும்போது 181 வந்ததற்குப் பதறுவதும் 179 வந்ததற்கு அழுத்துவதும் அர்த்தமில்லாதது. திரை 175 என்று அமைதியாகச் சொல்லும்போது மூச்சு வாங்கி, இதயத்துடிப்பு பயிற்சியில் பார்க்காத உயரத்துக்குப் போனால், சந்தேகத்தின் பலனை உடம்புக்குக் கொடுப்பதே நல்லது. அந்த இடத்தில் 10 வாட் குறைத்துக்கொள்பவர் சைக்கிளில் சில நிமிடங்களை இழப்பார். ஆனால் மாலையில், மாரத்தானின் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில், அவர் ஓடிக்கொண்டிருப்பார். "என் மீட்டர் ரொம்ப நேர்மை" என்றவர் சாலை ஓரமாக நடந்து வந்துகொண்டிருப்பார்.